பட்டாவுக்குப் போற தடம்

எங்க ஊர்ல யாரும் ஒரு வெப்சைட்டோட விலாசத்தை முழுசா அடிச்சு உள்ளே போய் நான் பார்த்ததில்லீங்க. பட்டா எடுக்கோணும்னா கூகுள்ல ‘பட்டா’ன்னு அடிப்பாங்க. வீட்டுக் கரண்டு பில்லு கட்டோணும்னா ‘டிஎன்ஈபி’. கிசான் பணம் ரெண்டாயிரம் ஏறுச்சான்னு பார்க்கோணும்னா ‘பிஎம் கிசான்’. யூட்யூப் பார்க்கக்கூட கூகுள்ல ‘யூட்யூப்’னு அடிச்சுத்தான் போறாங்க. அந்தச் சிவப்புப் பொட்டி போன்ல முன்னாடியே இருக்கும், இருந்தாலும் அப்படித்தான்.

எங்க அப்பாருக்கு வயசு எம்பத்தொண்ணு. அவரு அடிக்கறதே இல்லை, பேசறாரு. மைக் படத்தை அமுக்கிட்டு, “ஏனுங், பட்டா சிட்டா பாக்கோணுமுங்”னு ரொம்ப மரியாதையாக் கேப்பாரு. கூகுள்ல தமிழ்ல பேசினா எழுத்தாக்குற வசதி 2017 ஆகஸ்ட்ல வந்துச்சு. அது வந்திருக்காட்டி அப்பாரு போன் பக்கமே திரும்பியிருக்க மாட்டாரு. “மெசினுக்கு எதுக்குங்க அப்பாரு வாங்க போங்க?”ன்னு ஒருக்கா கேட்டேன். “காசு வாங்காம தடம் சொல்றவனுக்கு மரியாதை குடுத்தா நமக்கென்ன கண்ணு கொறஞ்சு போகுது”ன்னுட்டாரு.

தடம் சொல்றவன். சரியான பேருதான் அது. நம்ம பக்கம் பழைய இட்டேரிகள் இருந்த காலத்துல, பக்கத்துத் தோட்டத்துக்குப் போறதுக்கு ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவால வண்டித்தடம், அப்படியே பூந்து போய்ச் சேர்ந்துக்கலாம். இப்ப இட்டேரி பாதி அழிஞ்சு போச்சு, மீதி முள்ளு மண்டிக் கெடக்குது. பக்கத்துத் தோட்டத்துக்குப் போகோணும்னாலும் தார் ரோட்டுக்கு ஏறி, முக்குல இருக்கற டீக்கடையில கேட்டு, சுத்திட்டுத்தான் போறோம். இண்டர்நெட்டுலயும் அதே கதைதான். வெலாசம் தெரிஞ்ச இடத்துக்கே முக்குல ஒருக்கா கேட்டுட்டுப் போறது பழக்கமாயிருச்சு.

இதைச் சொன்னா டவுன்ல படிச்ச பசங்க சிரிப்பாங்க. “கிராமத்துல அப்படித்தானுங்க”ன்னுவாங்க. அவங்களுக்கு ரெண்டு சங்கதி சொல்றேன்.

2010 பிப்ரவரி மாசம். ரீட்ரைட்வெப்னு நியூசிலாந்துக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்ச தொழில்நுட்பச் செய்தித் தளம். அதுல ஃபேஸ்புக் லாகின் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. ஃபேஸ்புக்கை எல்லா எடத்துக்கும் ஒரே சாவியா ஆக்கப் பார்க்கறாங்கங்கிற மாதிரி சமாச்சாரம். அந்த நேரத்துல கூகுள்ல ‘ஃபேஸ்புக் லாகின்’னு தேடினா இந்தக் கட்டுரை மேல வந்து நின்னுருச்சு. தினமும் அப்படித் தேடியே ஃபேஸ்புக்குக்குப் போயிட்டிருந்த சனம், வழக்கம் போல மேல இருந்ததை அமுக்கிட்டு உள்ளே வந்துருச்சு. வந்து பார்த்தா பக்கம் செவப்பா, வேற மாதிரி இருக்குது. “ஃபேஸ்புக்கை எதுக்கு இப்படி மாத்துனீங்க, பழையபடி குடுங்க”ன்னு அந்தக் கட்டுரைக்குக் கீழயே நூத்துக்கணக்குல திட்டித் தீர்த்துட்டாங்க. கடைசியில அந்தத் தளத்துக்காரங்க, ‘இது ஃபேஸ்புக் இல்லீங்க, அங்க போறதுக்கு இங்க அமுக்குங்க’ன்னு கட்டுரைக்கு நடுவுலயே கொட்டை எழுத்துல எழுதி வெக்க வேண்டியதாப் போச்சு. திட்டுனவங்க யாரும் எங்க ஊர்க்காரங்க இல்லை. எல்லாம் இங்கிலீசுல எழுதித் திட்டுனவங்க.

ரெண்டாவது சங்கதி கோர்ட்டுல நடந்தது. ஐரோப்பாவுல கூகுளுக்கு 2018ல 434 கோடி யூரோ அபராதம் போட்டாங்க, ஆண்ட்ராய்டு போன் விசயத்துல. அதை எதிர்த்து 2021 செப்டம்பர்ல லக்சம்பர்க் கோர்ட்டுல வாதம் நடந்தப்ப, கூகுள் தரப்பு வக்கீல் ஒண்ணு சொன்னாரு. மைக்ரோசாஃப்டோட பிங் தேடுபொறியில சனங்க அதிகமாத் தேடுற வார்த்தை எதுன்னா, ‘கூகுள்’தானாம். அதாவது தடம் சொல்ற ஒருத்தன்கிட்டயே போய், “இன்னொரு தடம் சொல்றவன் வீடு எங்கீங்க?”ன்னு கேக்கற கதை. உலகம் முச்சூடும் நம்மளை மாதிரிதான் இருக்குது பாருங்க.

இதுக்கு ஒரு படிப்பே இருக்குது. ஆண்ட்ரே ப்ரோடர்னு ஒரு விஞ்ஞானி. கூகுளுக்கு முந்தி பேர் பெத்த ஆல்டாவிஸ்டா தேடுபொறியில வேலை பார்த்தவரு. சனங்க எதுக்குத் தேடுறாங்கன்னு ஆல்டாவிஸ்டாக்காரங்களோட தேடல்களை வெச்சு ஆராய்ஞ்சு 2002ல ஒரு கட்டுரை எழுதினாரு. மூணு வகையாப் பிரிக்கிறாரு. ஒரு விசயத்தைத் தெரிஞ்சுக்கத் தேடுறது ஒண்ணு. ஏதாவது வாங்க, எறக்க, கட்டத் தேடுறது ஒண்ணு. மூணாவதுதான் நம்ம கதை: போக வேண்டிய எடம் மனசுல ஏற்கெனவே முடிவாயிருச்சு, தடம் மட்டும் கேக்கறது. அவரு கணக்குப்படி அப்பவே தேடல்கள்ல 20ல இருந்து 25 சதவீதம் இந்த மூணாவது வகை. ஸ்மார்ட் போன் பரவாத காலத்துக் கணக்கு அது.

தெரிஞ்சுக்கத் தேடுறதுக்கும் தடம் கேக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தென்னையிலதான் புரிஞ்சுது. 2016ல எங்க பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவுலயே மொதல்முதலா சுருள் வெள்ளை ஈயைக் கண்டுபிடிச்சாங்க. ஓலைக்கு அடியில வெள்ளையா வட்டம் வட்டமா மாவு தெளிச்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நாள்ல கீழ் ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிரும். அப்ப நாங்க தேடினது பேரே தெரியாம. ‘தென்னை ஓலை கருப்பு’, ‘தென்னை வெள்ளைப் பூச்சி’ன்னு வாய்க்கு வந்ததெல்லாம் அடிச்சோம். வந்த பதிலும் அப்படித்தான். மருந்துக் கம்பெனிக்காரன் ஒண்ணு சொல்லுவான், வீடியோக்காரன் ஒண்ணு சொல்லுவான், பத்து பேரு பத்து விதம். கண்ட மருந்தை அடிச்சு, அந்த ஈயைத் தின்னு அழிக்கற நல்ல பூச்சியையும் சேர்த்துக் கொன்னவங்க எங்க பக்கமே எத்தனையோ பேரு.

பொறவு கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட அக்ரிடெக் போர்ட்டல்னு ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சுது. தமிழ்லயே இருக்குது. பூச்சிக்கொல்லி அடிக்காதீங்க, மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்க, தண்ணியை வேகமாப் பீச்சி அடிங்க, கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதாப் பசை கலந்து தெளிங்கன்னு பல்கலைக்கழகத்துக்காரங்க சொன்னதுதான் கடைசியில நின்னுச்சு. அதுக்கப்பறம் நான் ‘தென்னை கருப்பு’ன்னு தேடுறதில்லை. ‘டிஎன்ஏயு தென்னை’ன்னு அடிச்சு நேரா அங்கயே போயிருவேன். கேள்வியை விட்டுட்டு, யார்கிட்ட கேக்கோணும்கிறதைத் தேட ஆரம்பிச்சேன். ப்ரோடர் கணக்குல நான் ஒரு வகையில இருந்து இன்னொரு வகைக்கு மாறிட்டேன். சீக்குக்கு வைத்தியம் ஊரெல்லாம் கேக்காம, டாக்டர் வீட்டுக்குத் தடம் கேக்கற மாதிரி.

அதனால தடம் கேட்டுப் போறதைக் கேவலமா நெனைக்காதீங்க. அதுக்குக் காரணங்களும் இருக்குது.

மொதல்ல, விலாசம் அடிக்கற எடமும் தேடற எடமும் முந்தி வேற வேற. பிரவுசிங் சென்டர் காலத்துல பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேல நீளமா ஒரு கட்டம் விலாசத்துக்கு, பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் தேடறதுக்கு. 2008 செப்டம்பர்ல கூகுள் தன்னோட குரோம் பிரவுசரைக் கொண்டு வந்தப்ப ரெண்டையும் ஒண்ணாக்கிருச்சு. விலாசம் அடிச்சா நேராப் போகும், புள்ளிக்குப் பதிலா எடம் விட்டா தேடலாயிரும். நீங்க நேராப் போனீங்களா, முக்குல கேட்டுட்டுப் போனீங்களான்னு உங்களுக்கே தெரியாது. வேலியைப் புடுங்கிட்டு ரெண்டு காட்டையும் ஒண்ணா உழுத மாதிரி.

அடுத்தது, அந்த விலாசம் இருக்கற அழகு. பட்டாவுக்கு ‘இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’. வில்லங்கச் சான்றுக்கு ‘டிஎன்ரெஜிநெட் டாட் ஜிஓவி டாட் இன்’. எங்க அப்பாரு காட்டுக்கு சர்வே நம்பரு, உட்பிரிவு, நாலு எல்லை, கெணத்துப் பாத்தியதை, வண்டித்தடம் வரைக்கும் மனப்பாடமாச் சொல்லுவாரு. இங்கிலீசு எழுத்து பதினஞ்சு வரிசையா எப்படிச் சொல்லுவாரு? தமிழ்லயே விலாசம் வெச்சுக்கலாம், டாட் இந்தியான்னும் டாட் இலங்கைன்னும் டாட் சிங்கப்பூர்னும் தமிழ் எழுத்துல முடியற விலாசங்களே இருக்குது. எங்க சோலி சம்பந்தப்பட்ட ஒரு ஆபீசும் அதுல விலாசத்தைப் போட்டு எங்ககிட்டக் குடுத்ததை நான் பார்க்கலை.

அதை விடப் பெரிய காரணம், விலாசம் ஒரு எடத்துல நிக்கறதில்லை. கரண்டு ஆபீசையே எடுத்துக்குங்க. 1957ல மின்சார வாரியமாத் தொடங்கினது. 2010 நவம்பர்ல பிரிச்சு, நமக்குக் கரண்டு குடுக்கற பாகத்துக்கு டான்ஜெட்கோன்னு பேர் வெச்சாங்க. 2024ல மறுபடியும் பிரிச்சு, இப்ப டிஎன்பிடிசிஎல். பில்லு கட்டற தளம் ரொம்ப நாளா ‘டிஎன்ஈபிநெட் டாட் ஓஆர்ஜி’ன்னு இருந்துச்சு. 2022 நவம்பர்ல ஆதாரை இணைக்கச் சொன்னாங்களே, அதுக்குக் குடுத்த விலாசம் ‘டிஎன்ஈபிஎல்டிடி டாட் ஓஆர்ஜி’ன்னு முடியும். ரெண்டுலயும் ஜிஓவி கிடையாது. ஆனா ரெண்டும் அசல்தான். எங்க ஊர்ல இன்னைக்கு வரைக்கும் யாரும் டான்ஜெட்கோன்னோ டிஎன்பிடிசிஎல்னோ சொன்னதில்லை. ஈபிதான். ‘டிஎன்ஈபி பில்’னு அடிச்சா, பேரு எத்தனை தடவை மாறினாலும் தேடுபொறி கொண்டு போய் விட்டுருது. ஆபீசுக்காரங்க போர்டை மாத்திக்கிட்டே இருந்தா, டீக்கடைக்காரன்தான் “அது இப்ப அந்தண்ட மாறிருச்சுங்க”ன்னு சொல்லோணும்.

சரி, டீக்கடைக்காரன் தப்பான தடம் சொன்னா?

அப்பாரு சொன்ன ‘காசு வாங்காம’ங்கிறது முழுசாச் சரியில்லீங்க. நம்மகிட்ட வாங்கறதில்லை, அவ்வளவுதான். தேடி வர்றதுல மேல இருக்கற ஒண்ணு ரெண்டு பல சமயம் காசு குடுத்து எடம் புடிச்ச விளம்பரம். பக்கத்துல ‘ஸ்பான்சர்’னு சின்னதாப் போட்டிருக்கும். எம்பத்தொரு வயசுக் கண்ணுக்கு அது தெரியாது, என் கண்ணுக்கே வெயில்ல தெரியறதில்லை. விளம்பரம் இல்லாட்டியும், அரசாங்கத் தளம் மாதிரியே பேர் வெச்சு, கோபுரச் சின்னமும் போட்டு, படிவத்தை நிரப்பச் சொல்லிக் காசு வாங்கற தளங்க இருக்குது. பாஸ்போர்ட்டுக்கு இந்தத் தொல்லை ரொம்ப நாளா உண்டு. ‘பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்’தான் எங்க தளம், வேற பேர்ல காசு வாங்கறதெல்லாம் போலின்னு வெளியுறவு அமைச்சகமே போலிகளோட பேரை வரிசையாப் போட்டு எச்சரிக்கை குடுத்துச்சு. எங்க நங்கையா ஒருத்தங்க நெலம் வாங்கறதுக்காக வில்லங்கம் பார்க்கத் தேடி, ஏதோ ஒரு தனியார் தளத்துல 350 ரூவா கட்டிட்டாங்க. அசல் தளத்துல வில்லங்கத்தைப் பார்க்கறதுக்குக் காசே கெடையாது. பட்டா சிட்டா எறக்கறதுக்கும் கெடையாது. 350 ரூவாயோட போச்சுன்னு விட்டுட்டோம்.

மேக்கால தோட்டத்து மாமாவுக்கு அப்படி விட முடியலை.

அவரு ரெண்டு கறவை மாடு வித்த காசு பேங்கு கணக்குல கெடந்துச்சு. மவளுக்கு காலேஜ் பீஸ் கட்ட வெச்சிருந்தது. பேங்கு ஆப் என்னமோ சுத்திக்கிட்டே நின்னுருச்சு. மாமா போன்ல பேங்கு பேரைச் சரியா அடிச்சு, பக்கத்துல ‘கஸ்டமர் கேர் நம்பர்’னு போட்டுத் தேடியிருக்காரு. வந்த ஒரு நம்பருக்குக் கூப்பிட்டாரு. எடுத்தவன் நல்ல தமிழ்ல, “ஐயா, ஒரு நிமிசத்துல சரி பண்ணிரலாங்க”ன்னான். ஒரு ஆப்பை எறக்கச் சொன்னான். அது நம்ம போன்ல நடக்கறதை அவன் எடத்துல இருந்து பார்க்கற ஆப். அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? ஓடிபி வந்துச்சு. இவரு வாயால சொல்லக்கூட இல்லை, அவனே பார்த்துக்கிட்டான். நாப்பத்தாறாயிரம் ரூவா மூணு தவணையாப் போச்சு. கட்டுத்தரையில நின்னுட்டு, போனைக் காதுல வெச்சபடியே, அடுத்தடுத்து மெசேஜ் வர்ற சத்தம் கேட்டாராம். பணம் ஏறுற சத்தம்னு நெனச்சுட்டாரு.

அன்னைக்குப் பொழுதோட எனக்குத் தெரிய வந்து, 1930க்கு அடிச்சோம். சைபர் மோசடிக்கு நாடு பூராவுக்கும் அதுதான் நம்பரு. எவ்வளவு சீக்கிரம் சொல்றமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தி வெப்பாங்க. நாங்க சொல்றதுக்குள்ள நாலு மணி நேரம் ஓடிப் போச்சு. பதினோராயிரம் மட்டும் முடக்கி, அது கைக்கு வர ஏழு மாசம் ஆச்சு. பீஸுக்கு அத்தை நகை அடமானம் போச்சு. மாமா இப்ப போனைப் பேசறதுக்கு மட்டும்தான் தொடறாரு. கணக்குல பணம் வந்துச்சான்னு பார்க்கவே ஒம்பது கிலோமீட்டர் பஸ்ஸுல பேங்குக்குப் போறாரு. “நான் பேரைச் சரியாத்தானே சாமி அடிச்சேன்?”னு என்கிட்ட ரெண்டு மூணு தடவை கேட்டிருக்காரு. சரியாத்தான் அடிச்சாரு. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தப்பா அடிச்சவனுக்குத் தப்பான எடம் வந்தா ஒரு ஞாயம் இருக்குது.

எங்க ஊரு சொசைட்டிக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கற அம்மணி ஒண்ணு இருக்குது. பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்றுன்னு காலையில இருந்து கூட்டம். அந்தப் புள்ளைகிட்டப் போய், எப்படிம்மா நீ தப்பாம போறேன்னு கேட்டேன்.

“நான் தேடறதே இல்லீங்ணா. ஒருக்கா சரியான எடத்துக்குப் போனன்னா நட்சத்திரத்தை அமுக்கி வெச்சுக்குவேன். அப்பறம் அதுலயேதான் போவேன்.”

“மொத தடவை சரியான எடம்னு எப்படித் தெரியும்?”

“வாலைப் பாப்பனுங்ணா.”

வாலைப் பார்க்கறது என்னன்னு சொல்றேன், இது உபயோகமான சங்கதி. விலாசத்தை வலது பக்கத்துல இருந்து படிக்கோணும். காயிதத்துல விலாசம் எழுதறப்ப கடைசி வரியில மாவட்டமும் பின்கோடும் வருதுல்லீங்க, அது மாதிரி. மொத வரியில எவன் பேரை வேணாலும் எழுதிக்கலாம். கடைசி வரிதான் அது எந்த ஊருன்னு சொல்லும். ‘டாட் ஜிஓவி டாட் இன்’னு முடிஞ்சா அது அரசாங்கத்தோடது. அந்த வாலை அரசாங்க ஆபீசுகளுக்கு மட்டும்தான் குடுப்பாங்க, கடையில வாங்க முடியாது. ஆனா ‘டிஎன்ஜிஓவி பட்டா டாட் காம்’னு ஒருத்தன் வெச்சிருக்கான்னு வெச்சுக்குங்க, ஜிஓவிங்கிற எழுத்து அதுல இருக்கும், ஆனா வாலுல இல்லை. வால் காம். அது யார் வேணாலும் வாங்கலாம். பக்கத்துல பூட்டுப் படம் இருந்தா நம்பிக்கையானதுன்னு சிலர் சொல்றாங்க. அது நடுவுல எவனும் ஒட்டுக் கேக்க முடியாதுன்னு மட்டும்தான் சொல்லுது. திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு.

மேல சொன்ன ஈபி மாதிரி, வால் வேறயா இருக்கற அசல் தளங்களும் இருக்குது. ரயில் டிக்கெட்டுக்கு ‘ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்’. அதை மாத்த முடியாது, மனப்பாடம்தான் பண்ணோணும். பேங்குகளுக்கு மட்டும் இப்ப ஒரு நல்ல காரியம் நடந்திருக்குது. ரிசர்வ் பேங்கு 2025ல ஒரு உத்தரவு போட்டு, எல்லாப் பேங்கும் அக்டோபர் 31க்குள்ள ‘டாட் பேங்க் டாட் இன்’ங்கிற வாலுக்கு மாறோணும்னு சொல்லிருச்சு. அந்த வாலு பேங்குகளுக்கு மட்டும்தான் கெடைக்கும். மாமாவுக்கு நடந்தப்ப இது இல்லை. இருந்திருந்தாலும் அவரு தேடினது தளத்தை இல்லை, நம்பரை. நம்பருக்கு வாலு கிடையாது. அதனால நம்பரைத் தேடவே கூடாதுங்கறது என் கட்சி. பாஸ்புக்குல இருக்குது, ஏடிஎம் அட்டைக்குப் பின்னாடி இருக்குது, அதைப் பார்த்து அடிங்க. கரண்டுக்கு மின்னகம் 94987 94987ன்னு 2021ல குடுத்தாங்க. ஒரே நம்பரு ரெண்டு தடவை, எங்க அப்பாருக்கே மனப்பாடம். கிசான் கால் சென்டர் 1800 180 1551. இப்படி வாயில நிக்கற மாதிரி விலாசத்தையும் குடுத்திருந்தா நாங்க எதுக்கு முக்குல போய்க் கேக்கறோம்?

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். கட்டற வரி ரசீதுல, கார்டுல, நோட்டீசுல எத்தனையோ அச்சடிக்கறாங்க, தலைவருங்க படம் உட்பட. தளத்தோட விலாசத்தைக் கொட்டை எழுத்துல, தமிழ் உச்சரிப்போட, ஒரு வரி அடிச்சா என்ன? அடிச்சிருந்தாலும் எறும்பு சைசுல கீழ இருக்குது. கியூஆர் கட்டம் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கறாங்க. கட்டத்து மேல ஒருத்தன் வேற கட்டத்தை ஒட்டிட்டுப் போனா அதுக்கு வாலும் தெரியாது தலையும் தெரியாது.

நானும் அந்த அம்மணியும் உக்காந்து ஒரு தாள் தயார் பண்ணினோம். பட்டா, வில்லங்கம், பிஎம் கிசான், ஈபி, ரயிலு, அக்ரிடெக்னு ஆறு விலாசம். மேல தமிழ்ல, அடியில இங்கிலீசு எழுத்துல பெருசா. கடைசியில 1930. சொசைட்டிச் செவுத்துல ஒண்ணு, டீக்கடையில ஒண்ணு, கம்ப்யூட்டர் சென்டர்ல ஒண்ணு. அப்பாரு போன்ல பட்டாத் தளத்தை மொகப்புலயே ஒரு பொட்டியா வெச்சுக் குடுத்தேன். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் எல்லாம் சரியாப் போட்டுட்டாரு. ‘அங்கீகார மதிப்பு’ன்னு ஒரு கட்டம் கேட்டப்ப மட்டும், “இதென்ன சாமி, காட்டோட மதிப்பைக் கேக்கறானா?”ன்னாரு. பக்கத்துல கோணலா இருக்கற எழுத்தைப் பார்த்து அடிக்கறதுக்கு அப்படி ஒரு பேரு.

மாமா வூட்டுல தாளைக் குடுத்தப்ப அத்தைதான் வாங்கிக்கிட்டாங்க. கேலண்டருக்குப் பின்னாடி ஒட்டியிருக்காங்க. பேங்கு விலாசத்தை, பாஸ்புக்கைப் பார்த்து, அத்தையே ஏழாவதா எழுதிக்கிட்டாங்க. அவங்க பத்தாவது வரைக்கும் படிச்சவங்க. போன மாசம் கிசான் பணம் ஏறுச்சான்னு மாமா பேங்குக்குக் கெளம்பினப்ப, “நில்லுங்க, நான் பாத்துச் சொல்றேன்”னு சொல்லி, எழுத்துக் கூட்டி ஒவ்வொண்ணா அடிச்சுப் பார்த்திருக்காங்க. மாமா செருப்பைக் கழட்டாமலே வாசல்ல நின்னுட்டிருந்தாராம். ஏறலைன்னு வந்துருச்சு, ஈகேஒய்சி பாக்கின்னு. அதுக்கு விரல் ரேகை வெக்கறதுக்கு நாளைக்கு ரெண்டு பேரும் அம்மணி சென்டருக்கு வர்றாங்க, என்னையும் கூட வரச் சொல்லியிருக்காங்க. பிஏபி தண்ணி முறை நாளைக்கு வெடியால நாலு மணிக்கு நம்மளுது. மக்காச்சோளத்துக்குக் கட்டி முடிச்சுட்டுப் போகோணும்.